ஊரெல்லையும் அரசாங்கச் சான்றும்

எல்லை இன்னதென்று தெளியாத ஊரில் வரியும் நீரும் வழக்காய் முடியும் என்பது யாவரும் அறிந்ததே. ஆகலின், எல்லை மாறுங்கால் ஊராரது வாய்ச்சொல் ஒன்றையே கொள்ளாது, அரசாங்க உத்தியோகஸ்தர் அதனை உறுதிசெய்தல் வேண்டும். இது மேனாட்டாரிடம் நாம் கற்ற புதுமுறையன்று. நம் செப்பேடுகளே இதற்குச் சான்றாம்.

கடாரத்தரசர் நாகபட்டினத்தில் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்திற்கு, முதலாம் இராஜராஜ சோழர் தமது 21-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தார். லெய்டன் பெரிய செப்பேடுகள் என வழங்கும் சாசனம் இதனை விரித்துரைக்கின்றது. அரசர் ஆணையிட்டமாத்திரத்தில் காரியம் முடிந்துவிடவில்லை. ஆணை ஓலையில் எழுதப்பெற்றது, அதிகாரிகள் ஒப்பமிட்டனர், வரிக்கணக்கிலும் பதியப்பெற்றது. பின்னர் நாட்டார் அவ்வோலையைத் தலைமேற்கொண்டு, அதிகாரிகளுடன் கூடி, பெண்யானையை எல்லைவழியே நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை செய்துகொடுத்தனர். அயலூராரும் அதிற் கையெழுத்திட்டனர். எல்லை ஓரூர்க்கு மட்டும் உரியதன்றே; அயலூரார் ஒப்பாத எல்லை நாளைய வழக்கிற்கு வித்தாகும். இராஜராஜர் மறைந்தபின், அவர் மைந்தர் இராஜேந்திரர் இதனைச் செம்பிற் பொறிப்பித்தார்.

நிற்க. அவ்வானைமங்கலம் சோழர் காலத்தில் க்ஷத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டினக்கூற்றத்தது. ஆங்கிலர் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவினது. 1991-ல் அந்த ஜில்லா பிரிக்கப்பட்டபின் நாகப்பட்டினம் ஜில்லாவினது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதனைச் சூழ்ந்த எல்லைகளே மாறின.

இக்காலத்தில் இம்முறை குடிமதிப்பில் விளங்கக் காணலாம். இந்திய அரசாங்கத்தார் ஒரு நாளைக் குறித்து, அதற்குப்பின் குடிமதிப்பு முடியுமளவும் ஜில்லா, தாலுகா, நகர், கிராம எல்லைகளை மாற்றலாகாதென்று மாநில அரசாங்கங்களுக்கு அறிவிப்பர். அதுவரை நேர்ந்த மாறுதல்களை அம்மாநில அரசாங்கத்தாரே தெரிவித்தல் வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பிற்குக் குறித்த நாள் 2009 டிசம்பர் 31. குடிமதிப்பு எடுத்து முடிந்தபின், 2011 அக்டோபரில், 42 உள்ளாட்சிகள் சேர்ந்து, 174 சதுர கிலோமீட்டராயிருந்த சென்னை மாநகர் 426 ஆக விரிந்தது. குடிமதிப்பு கண்ட 46,46,732 பேரோ பழைய எல்லையில் வாழ்ந்தோர். அத்தொகையைப் பழைய பரப்பால் வகுப்பின் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26,700 பேர். புதிய பரப்பால் வகுப்பின் 10,900 பேரே. தொகையும் மெய், பரப்பும் மெய். இரண்டையும் சேர்த்துக் கூறியதே பொய்யாயிற்று.

நம்மவர் தத்தம் குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் எழுதப்புகுங்கால் இதனை மறத்தலாகாது. பாட்டனார் பத்திரத்திற் கண்ட தாலுகா வேறாகவும், பேரன் சான்றிதழிற் கண்ட தாலுகா வேறாகவும் இருத்தல் கூடும். அதுகொண்டு ஊர் வேறெனத் துணிந்து உறவை விலக்குதலும், உரிமையை இழத்தலும் தகாது. எந்நாளைய எல்லை என்று முதலில் வினவுக. அரசிதழில் வந்த அறிவிப்பைத் தேடுக. தாலுகா கச்சேரியில் நகல் பெற்று ஒப்பிடுக. முன்னோர் யானை நடத்தி எல்லை கண்டனர். நாம் அக்கச்சேரி வரை நடந்துசெல்லவும் சோம்புதல் அழகாமோ?