மோட்டார் வாகனத்தின் கதை: மூன்றாவது பிரஷ்

அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்து டேட்டன் நகரில், எட்வர்ட் டீட்ஸின் வீட்டுப் பின்புறத்துக் களஞ்சியத்தில் சார்லஸ் கெட்டரிங்கும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய மின்சார யந்திரம், 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களில் இடம்பெற்றுக் கைப்பிடி சுற்றும் கஷ்டத்தை ஒழித்த விருத்தாந்தத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த ஒரே யந்திரம், எஞ்சினைக் கிளப்பும்போது 24 வோல்ட்டில் மோட்டாராகவும், கிளம்பிய பின் 6 வோல்ட்டில் ஜெனரேட்டராகவும் இயங்கியது. மோட்டாராக அது உழைத்தது சில விநாடிகள். ஜெனரேட்டராக உழைத்ததோ பிரயாணம் முழுவதும். மேதைகளை அதிகம் சோதித்ததும் இந்த இரண்டாவது உத்தியோகமே.

மின்சார நிலையத்து டைனமோ சதா ஒரே வேகத்தில் சுழல்வது. காரின் எஞ்சினோ சந்தையில் ஊர்ந்து, மேட்டில் திணறி, வெட்டவெளியில் பாய்வது. வேகம் ஏறினால் மின்னழுத்தமும் ஏறுமாதலால், மெதுவாகச் செல்கையில் பாட்டரிக்குப் போதாத மின்சாரம், விரைந்து செல்கையில் விளக்குகளை எரித்து அழிக்கும். ஃபோர்டு மாடல் டி காரில் ஃப்ளைவீலோடு சுழன்ற 16 காந்தங்களே 1915 முதல் முன்விளக்குகளுக்கும் மின்சாரம் தந்தன. ஆகையால், வெளிச்சம் மிகவும் வேண்டிய கரடுமுரடான பாதையில் மெல்லச் செல்லும்போதுதான் அவை மங்கின.

இதற்குப் பரிகாரம் தேடியோர் ரயில் பெட்டிகளைப் பார்த்தனர். அங்கே இங்கிலாந்தின் ஸ்டோன் கம்பெனியார், வேகம் மிகும்போது தோல்பட்டை தானே நழுவுமாறு டைனமோவைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவ்வாறே கார்களிலும் நழுவும் கிளட்சைச் சிலர் வைத்தனர், அது தேய்ந்தது. பிற்காலத்தில் பெருவழக்காகிய உபாயம், ஆர்மேச்சர் என்னும் சுழலும் சுருளிலிருந்து கம்யூட்டேட்டர் வளையத்தின் வழியே மின்சாரத்தை வெளியே எடுக்கும் இரண்டு பிரஷ்களோடு, அவ்வளையத்தின் மீது மூன்றாவதாக ஒரு சிறு பிரஷை வைத்து, காந்தச் சுருளுக்கு வேண்டிய மின்சாரத்தை அதன் வழியே எடுப்பது. வேகம் ஏறி ஆர்மேச்சரில் மின்சாரம் பெருகும்போது, அப்பெருக்கே காந்தமண்டலத்தைக் கோணச் செய்து, மூன்றாவது பிரஷுக்குக் கிடைக்கும் அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. யந்திரத்தின் குறையென்று பொறியியலார் வெறுத்துவந்த ஒரு விளைவையே அதன் காவலாக நியமித்த இந்த யுக்தியை நான் மிகவும் மெச்சுகிறேன். பரிசோதனை மேஜையில் ஜெனரேட்டரை வேறொரு மோட்டாரால் படிப்படியாக வேகமாகச் சுழற்றி, ஒவ்வொரு வேகத்திலும் ஆம்பியரைக் குறித்து வரைந்தால், கோடு சாதாரணப் பிரயாண வேகம் வரை உயர்ந்து, அதற்குமேல் வளைந்து கீழிறங்குவதைக் கண்ணால் காணலாம்.

ஆனால் பாட்டரி நிரம்பிவிட்டதா என்பதை அந்தப் பிரஷ் அறியாது. கோடையில் நெடுந்தூரம் பகலில் ஓடினால் பாட்டரி கொதிக்கும். குளிர்கால இரவுகளில் விளக்குக்கே மின்சாரம் போதாது. அதனால் பருவத்துக்குப் பருவம் மெக்கானிக்குகள் பிரஷை நகர்த்திவைக்க வேண்டியிருந்தது. 1930-களின் பிற்பகுதியில், அழுத்தத்தை அறிந்து தானே அதிரும் ரெகுலேட்டர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பழைய காரொன்றைப் போற்றி வைத்திருக்கும் வாசகர்கள், அதில் மூன்று பிரஷ் ஜெனரேட்டர் இருப்பின், பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டவேண்டாம். பாட்டரியின் பாரம் நீங்கினால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் எழுந்து, விளக்குகளும் காந்தச் சுருளும் கருகிப்போகும்.