சோழர் சாசனங்களிற் பெண்ணும் காணியும்

சோழர் காலத்தைத் தமிழரின் பொற்காலமெனப் போற்றுவோர், அக்காலப் பெண்கள் நிலமும் பொன்னும் தானஞ் செய்த சாசனங்களைச் சான்று காட்டி, அன்று பெண்ணுக்குச் சொத்துரிமை குறைவின்றி இருந்தது என்பர். சாசனங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், அவை எந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகின்றன என்று கேட்பது வரலாறு கற்போரின் கடமையாகும்.

கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவியார், கணவனை இழந்தபின் நெடுங்காலம் வாழ்ந்து, பல கோயில்களைக் கற்றளிகளாக்கி நிவந்தங்கள் அளித்தார். முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையார் தஞ்சைப் பெருங்கோயிலுக்குப் பொன் வழங்கினார். இவர்தம் கையிற் செல்வம் இருந்தமை உண்மையே. ஆயின் அது அரச குலத்தோடு கொண்ட உறவால் வந்தது. பெண்ணினத்துக்குப் பொதுவான உரிமையன்று.

நிலத்துக்குப் பெண்ணின் பெயர் சூட்டியதும் உண்டு. 1020 ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் பல ஊர்களை ஒன்றிணைத்து, தன் தாயின் பெயரால் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்னும் பிரமதேயத்தை அளித்ததைக் கரந்தைச் செப்பேடுகள் கூறும். ஊருக்குத் தாயின் பெயர். நிலத்திற் பங்கோ வேதம் வல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்க்கு. பிராமணப் பெண்கள் தம் நிலத்தை விற்றபோதும், முதுகண் எனப்பட்ட ஆடவன் ஒருவன் அவர்கள் சார்பில் நிற்பதைச் சாசனங்கள் பலவற்றிற் காண்கிறோம்.

அரண்மனைக்கும் அக்கிரகாரத்துக்கும் வெளியே பெண்கள் நிலத்தின் பயனை நேரே பெற்றமைக்குச் சிறந்த சான்று தஞ்சைக் கோயிலிலேயே உள்ளது. 1014 ஆம் ஆண்டளவில் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து குடியேற்றினான். ஒவ்வொருத்திக்கும் ஒரு மனையும் ஆண்டுக்கு 100 கலம் நெல் தரும் ஒரு பங்கும் விதிக்கப்பட்டன. அவர்களின் பெயரும் முன்னைய கோயிலும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஒருத்தி இறந்தாலோ வேற்றிடம் போனாலோ, அடுத்த உறவினர் அக்காணியைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும். தகுதியற்றவராயின் தகுந்தவரைக்கொண்டு செய்விக்க வேண்டும். பணியிருக்கும்வரை பங்கு என்பதே விதி. நிலம் கோயிலுடையது, பெண்ணுக்குக் கிடைத்தது ஊழியத்தின் கூலி.

இந்த நெல்லை விளைவித்த பெண் எங்கே? நாற்று நட்டவளும் களை பறித்தவளும் தானம் அளித்தார் வரிசையிலும் இல்லை, பெற்றார் வரிசையிலும் இல்லை. முன்னிருந்த குடிகளை அகற்றி அளித்த நிலத்தைக் ‘குடிநீக்கி’ என்று சாசனம் ஒரே சொல்லிற் கூறிவிடுகிறது. அச்சொல்லினுள் எத்தனை குடும்பங்கள் வீடிழந்தன என்பதை எந்தக் கல்லும் எழுதவில்லை. இராசராசனின் நிலக்கணக்கில் உழைப்போர் வாழ்ந்த தீண்டாச்சேரி, இறையிறுக்கும் நிலத்திற் சேராத இடமாகக் கழிக்கப்படுகிறது. ஆக, பெண்ணுக்கு நிலத்தோடிருந்த தொடர்பை நிர்ணயித்தது அவள் பிறந்த குலமும் வர்க்கமுமேயாம்.

சாசனங்களிற் பரம்பரை உரிமையைக் குறித்த ‘காணி’ என்னும் சொல்லாலேயே இலங்கைத் தமிழர் இன்றும் நிலத்தை வழங்குகின்றனர். சொல்லைப் போலவே வழக்கமும் நீடித்தது. அரச நிலத்தைக் குடியானவர்க்குப் பகிர்ந்தளிக்க 1935 இல் இயற்றப்பட்ட காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து, மகளுக்கு முன் மகனையே வாரிசாக நிறுத்தியது. அது திருத்தப்பட்டது 2022 இலேதான். செம்பியன் மாதேவியாரைப் பாடிப் பெருமை கொள்வோர், வயலில் நின்ற பெயரற்றவளுக்கு உறுதி எழுதப்பட எத்தனை நூற்றாண்டுகள் சென்றன என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக.