கிளாரிஸ்ஸாவைக் காப்பாற்றச் சொன்னவர்கள்

1748-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், லண்டனில் அச்சகம் நடத்திவந்த சாமுவேல் ரிச்சர்ட்ஸனுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. 'பெல்ஃபோர்' என்ற புனைபெயருக்குள் தம்மை மறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வேண்டுகோள் ஒன்றுதான்: பாதி வெளிவந்திருக்கும் உங்கள் நாவலின் நாயகி இறுதியில் இறந்துவிடுவாள் என்று பேசிக்கொள்கிறார்கள், அவ்வாறு செய்துவிடாதீர்கள். அக்காலத்தில் அஞ்சல் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே செலுத்தவேண்டும். ஆக, தம் கதையை மாற்றச் சொல்லும் யோசனைகளை ரிச்சர்ட்ஸன் காசு கொடுத்தே வாங்கிப் படித்தார் எனலாம்.

கதையை எழுதி முடிக்கும் முன்பே வாசகரிடம் கருத்துக் கேட்கும் வழக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் இம்மனிதரைத் தவிர்க்க இயலாது. ரிச்சர்ட்ஸன் 1689-இல் பிறந்தவர். உயர்கல்வி பெறாதவர். ஃப்ளீட் தெருவை ஒட்டிய சாலிஸ்பரி கோர்ட்டில் அச்சுத் தொழில் செய்தவர். தமது 51-ஆம் வயதில், 1740 நவம்பரில், 'பமேலா' என்ற கடித வடிவ நாவலை ஆசிரியர் பெயரின்றி வெளியிட்டார். தன்னைக் கெடுக்க முயன்ற எசமானனை ஒரு பணிப்பெண் தன் ஒழுக்கத்தால் திருத்தி அவனையே மணந்துகொள்ளும் கதை அது. இரண்டாம் பதிப்பில் பாராட்டுக் கடிதங்களைப் புத்தகத்தின் முன்னால் சேர்த்து அச்சிட்டார். விளைவு, 1741-இல் ஹென்றி ஃபீல்டிங் எழுதிய 'ஷமேலா' என்ற நையாண்டி நூல், கதையோடு அந்தப் புகழுரைகளையும் சேர்த்தே கேலி செய்தது. தம்மைப் பற்றிய பாராட்டைத் தாமே அச்சேற்றுபவர் எக்காலத்திலும் அடையும் பலன் அதுவே.

அடுத்த நாவலான 'கிளாரிஸ்ஸா'வில் அவர் வேறு வழியை மேற்கொண்டார். அச்சேறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதன் கைப்பிரதி நண்பர்களிடையே சுற்றியது. கவிஞர் எட்வர்ட் யங் படித்தார். அரசவைக் கவிஞரும் முதிய நடிகருமான காலி சிப்பர், நாயகிக்கு நேரவிருப்பதை 1745-இலேயே கேள்வியுற்றுக் கொதித்துப்போனார். நூல் நீண்டுவிட்டது, எங்கே குறைக்கலாம் என்று ரிச்சர்ட்ஸன் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆரன் ஹில் என்ற எழுத்தாளர் அதை மெய்யென்று நம்பி, தொடக்கப் பகுதியைத் தாமே சுருக்கி எழுதி அனுப்பிவைத்தார். ரிச்சர்ட்ஸனின் மனம் மிகவும் புண்பட்டது. கருத்துக் கேட்பவர்கள் எல்லோரும் கருத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தது ஹில்லின் பிழை. வெட்டச் சொன்னவர்கள் பலர் இருந்தும் நூல் ஏறத்தாழ பத்து லட்சம் சொற்களாகவே வெளிவந்தது.

ஏழு பகுதிகள் மூன்று தவணைகளில் வந்தன. முதல் இரண்டு 1747 டிசம்பரில், அடுத்த இரண்டு 1748 ஏப்ரலில், இறுதி மூன்று 1748 டிசம்பரில். ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் இடைப்பட்ட அந்த எட்டு மாதங்கள்தாம் நமக்கு முக்கியமானவை. பிடிக்காத செல்வந்தனுக்குத் தன்னை மணமுடிக்க முனையும் குடும்பத்திடமிருந்து தப்ப எண்ணி லவ்லேஸ் என்ற கவர்ச்சியான கயவனின் பிடியில் சிக்குகிறாள் கிளாரிஸ்ஸா. அந்நிலையில் கதை நிற்கிறது. வாசகர் விரும்பிய முடிவு யாது? லவ்லேஸ் மனந்திருந்தவேண்டும், அவளை மணக்கவேண்டும். பெல்ஃபோர் சீமாட்டி வற்புறுத்தியதும் அதையே. இந்த ஆசையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் வேறு யாருமல்லர், 'பமேலா'வை எழுதிய ரிச்சர்ட்ஸனே. தம் முந்தைய நூல் வளர்த்த எதிர்பார்ப்பையே இப்போது அவர் மறுக்கவேண்டியிருந்தது.

அவர் மறுத்தார். திருந்திய கயவனே சிறந்த கணவன் என்ற எண்ணத்தைத் தகர்ப்பது தம் நோக்கங்களுள் ஒன்று என முன்னுரையிலேயே அறிவித்திருந்தார். லவ்லேஸ் அவளுக்கு மயக்கமருந்து கொடுத்துக் கெடுக்கிறான், பின்னர் மணந்துகொள்வதாகக் கெஞ்சுகிறான். கிளாரிஸ்ஸா அவனை ஏற்க மறுத்து, மெலிந்து, இறக்கிறாள். கெடுத்தவனுக்கே கட்டிவைப்பதை நியாயமான தீர்ப்பாகக் காட்டிய நம் திரைப்படப் பஞ்சாயத்துகளை நினைத்துப் பார்க்கும் வாசகர்கள், 1748-இல் ஓர் அச்சுக்காரர் எடுத்த இம்முடிவின் பாரத்தை உணர்வார்கள். நல்ல மனத்தோடும் கண்ணீரோடும் வந்த வேண்டுகோள்தான் அது. அதற்கு இணங்கியிருந்தால் நாயகியின் உயிர் பிழைத்திருக்கும், அவளது மறுப்பு அழிந்திருக்கும். 'ஷமேலா'வால் கேலி செய்த அதே ஃபீல்டிங், 1748 அக்டோபரில் ஐந்தாம் பகுதியைப் படித்துவிட்டு, நெகிழ்ந்து கடிதம் எழுதினார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

அப்படியானால் வாசகர் கருத்துகள் அவருக்கு எதற்குத்தான் பயன்பட்டன? முடிவை மாற்றுவதற்கு அல்ல, தம் எழுத்து எவ்வாறு வாசிக்கப்படுகிறது என்பதை அறிவதற்கே பயன்பட்டன என்பது நம் துணிபு. கடிதங்களிலிருந்து அவர் அறிந்த செய்தி அதிர்ச்சியானது: வாசகர் பலருக்கு லவ்லேஸைப் பிடித்திருந்தது, கிளாரிஸ்ஸா இறுக்கமானவளாகத் தோன்றினாள். அவன் பேச்சுக்கு அத்தனை மெருகேற்றியவர் தாமே என்பதை ரிச்சர்ட்ஸன் அவ்வளவாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1749-இன் இரண்டாம் பதிப்பில், லவ்லேஸின் பொய்களைச் சுட்டிக்காட்டும் அடிக்குறிப்புகளைச் சேர்த்தார். 1751-இன் மூன்றாம் பதிப்பில் மேலும் பல பகுதிகளைச் சேர்த்து, அவற்றின் ஓரத்தில் புள்ளியிட்டு அடையாளம் காட்டினார். முதல் பதிப்பை வாங்கியவர்கள் ஏமாறக்கூடாதென்று அப்பகுதிகளைத் தனி நூலாகவும் அச்சிட்டார். அச்சகம் சொந்தமாக இருந்தால் வாசகரோடு இப்படியெல்லாம் வாதாடலாம்! ஆனால் அடிக்குறிப்பில் நின்றுகொண்டு வாசகரின் தோளைத் தட்டும் ஆசிரியர் கதையைச் சற்றுப் பலவீனப்படுத்தியே விடுகிறார். முதல் பதிப்பே நமக்கு உவப்பானது.

வாசகர்களும் வாதாடினார்கள். ஃபீல்டிங்கின் தங்கை சாரா, 1749-இல் இந்நாவலைப் பற்றிப் பல வாசகர்கள் விவாதிப்பதாக ஒரு சிறு நூலே எழுதினார். இருபத்துமூன்று வயதுப் பெண்ணான ஹெஸ்டர் மல்ஸோ, பெற்றோருக்கு மகள் எதுவரை கீழ்ப்படியவேண்டும் என்ற கேள்வியில் ரிச்சர்ட்ஸனை மறுத்து 1750-51-இல் நீண்ட கடிதங்கள் எழுதினார். நாவலாசிரியரைவிட அந்த இளம் வாசகியே நம் காலத்துக்கு அருகில் நிற்கிறார்.

வாசகர் கேட்டதைக் கொடுத்தும் பார்த்தார் ரிச்சர்ட்ஸன். கயவனை எழுதினீர்களே, ஒரு நல்ல ஆண்மகனை எழுதுங்கள் என்று தோழியர் வற்புறுத்தியதன் பலன், 1753-54-இல் வந்த 'சர் சார்ல்ஸ் கிராண்டிஸன்'. 1751-இல் நார்த் எண்ட் வீட்டுத் தோட்டத்துக் குகைமண்டபத்தில் நண்பர் குழுவுக்கு அவர் அதன் கைப்பிரதியை வாசித்துக்காட்டும் காட்சியை, கேட்டவர்களுள் ஒருவரான சூஸன்னா ஹைமோர் வரைந்துவைத்திருக்கிறார். ஓர் அரங்கேற்றத்துக்குரிய ஒழுங்கோடு அனைவரும் அமர்ந்திருக்கிறார்கள். ஜேன் ஆஸ்டினுக்கு மிக விருப்பமான நாவல் அது. அவரது ரசனைக்குத் தலைவணங்கிச் சொல்வதானால், குற்றமே இல்லாத அந்தக் கனவானோடு ஏழு பகுதிகள் நடப்பது நமக்குப் பெரும் பொறுமைச் சோதனையாகவே இருந்தது.

பெல்ஃபோர் யார்? லங்காஷயரைச் சேர்ந்த பிராட்ஷா சீமாட்டி. 1750-இன் தொடக்கத்தில் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் உலவும் தம்மை அடையாளம் காண வசதியாக, ரிச்சர்ட்ஸன் தமது குள்ள உருவம், சற்றே பருத்த உடல், கைத்தடி ஆகியவற்றை வர்ணித்து அவருக்கு எழுதினார். சீமாட்டியும் வந்தார், பார்த்தார், தம்மை வெளிப்படுத்தாமலே போனார். பிறகு இருவரும் சந்தித்து, ரிச்சர்ட்ஸன் 1761-இல் இறக்கும்வரை நட்போடிருந்தனர். தமது 'கிளாரிஸ்ஸா' பிரதியின் ஓரங்களில் சீமாட்டி தம் ஆட்சேபங்களை எழுத, அவற்றுக்கு ரிச்சர்ட்ஸன் அதே ஓரங்களில் பதில் எழுதினார். அப்பிரதி இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

சீமாட்டியின் சகோதரி எக்லின் இன்னும் ஒருபடி மேலே சென்றார். முடிவைத் தாங்கமுடியாமல், 1750-களின் நடுவில் தாமே ஒரு மாற்று முடிவை எழுதி ரிச்சர்ட்ஸனின் பார்வைக்கு அனுப்பினார். ஆசிரியரும் அதைப் பொறுமையாகப் படித்துக் கருத்துச் சொன்னார். கையெழுத்தாகவே கிடந்த அந்த முடிவு 1982-இல்தான் சுவிட்சர்லாந்தில் அச்சேறியது. அதில் லவ்லேஸ் அவளைக் கெடுப்பதில்லை, மனம் வருந்தித் திருந்தவும் செய்கிறான். ஆனால் கிளாரிஸ்ஸா அதிலும் இறந்துவிடுகிறாள்.