புகைக்கு ருசி சேர்த்த கதை

2019 கோடையில் பசுமலை வீட்டு மாடி அறையை என் சித்தி மகன் ஒரு சின்ன லேப் ஆக்கி வைத்திருந்தான். ஊசி இல்லாத சிரிஞ்ச், கிளிசரின் பாட்டில், ஆன்லைனில் வாங்கிய நிகோடின் திரவம், ரோஸ், மாம்பழ எசன்ஸ்கள். கலந்து, லேபிள் ஒட்டி, மூன்று நாள் அலமாரி இருட்டில் ஊற வைப்பான். பிறகு வேப்பில் ஊற்றி இழுத்துப் பார்த்து நோட்டில் மார்க் போடுவான்.

"ஜிகர்தண்டா ஃபிளேவர் மட்டும் செட்டே ஆக மாட்டேங்குதுண்ணே."

"ஒடம்புக்கு ஒண்ணும் ஆயிராதாடா?"

"எல்லாம் கேக்குலயும் ஐஸ்கிரீம்லயும் போடுறதுதானே. என்ன ஆயிரும்?"

அன்று என்னிடம் பதில் இல்லை.

புகையிலைக்கு ருசி சேர்ப்பது நமக்குப் புதிதில்லை. போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த இலை, மதுரைக்குப் பக்கத்திலேயே திண்டுக்கல் மண்ணில் வேர் பிடித்துச் சுருட்டானது. மூக்குப்பொடியில் நெய் சேர்த்தார்கள். வெற்றிலையோடு மெல்லுவதற்குப் பன்னீர்ப் புகையிலை வந்தது. பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பும் 'புகையிலை விடு தூது' என்று ஒரு நூலும் நம்மிடம் உண்டு. பதிப்பித்தவர் உ.வே.சா. எழுதியவர் பெயர் சீனிச்சர்க்கரைப் புலவர். பெயர்ப்பொருத்தம் தற்செயல்தான். ஆனால் காரமான இலைக்கு இனிப்பும் வாசமும் தேடியது தற்செயல் இல்லை. முதல் வாய் கமறினால் இரண்டாவது வாய்க்கு ஆள் வராது.

சீன மருந்தாளுநர் ஹோன் லிக் 2003இல் இ-சிகரெட்டை உருவாக்கியது புகைப்பழக்கத்தை விடுவதற்காக. அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். அந்தக் கருவிக்குள்ளும் சீக்கிரமே மாம்பழமும் புதினாவும் வந்து சேர்ந்தன.

தம்பியின் கேள்விக்கான பதில் ஒரு பாப்கார்ன் ஆலையில் இருந்தது. 2000இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், அந்த ஆலையில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய் இருப்பது தெரியவந்தது. காரணம், வெண்ணெய் வாசம் தரும் டைஅசிட்டைல் என்ற பொருளின் ஆவி. தின்பவர்களுக்கு அது வெறும் ருசி. சூடான கலவைத் தொட்டிப் பக்கம் நின்று சுவாசித்தவர்களுக்கு மூச்சே போனது.

2019இல் அதே அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர், 68 சாவுகள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து சேர்த்த கள்ளச்சந்தைத் திரவங்கள். அவற்றைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்றார்கள். மாத்திரையிலும் முகத்துக்குப் பூசும் கிரீமிலும் இருக்கிற அதே பொருள்.

இந்தியா 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. டிசம்பரில் அதுவே சட்டமானது. தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாவற்றுக்கும் தடை. ஆனால் மாடி அறைக்குள் யார் வந்து பார்ப்பது?

ஊரடங்கில் பசுமலைக்கு வந்தபோது அந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். இனிப்புக்கு மார்க், வாசத்துக்கு மார்க், புகைக்கு மார்க். படித்ததையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டுக் கேட்டேன்:

"இதுல நெஞ்சுக்கு எங்கடா மார்க்?"

"அத எப்பிடிண்ணே டெஸ்ட் பண்றது?"

"அதான் ஒரு வருசமா பண்ணிக்கிட்டு இருக்கியே."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் இருமல் வந்துவிட்டது.