கார் என்ஜினில் எழும் வழக்கத்துக்கு மாறான சத்தங்கள்

ஓடும் என்ஜினின் இயல்பான இரைச்சலை மீறிக் கேட்கும் தட்டல், உரசல், கீச்சொலி, சீறல் ஆகியவை பழுதின் அறிகுறிகள். உதிரிபாகத் தேய்மானம், எண்ணெய்க் குறைவு, எரிதலில் கோளாறு, காற்று அல்லது புகைக் கசிவு ஆகியவையே பெரும்பாலும் இவற்றுக்குக் காரணம். சத்தம் எப்படி ஒலிக்கிறது என்பதைவிட எப்போது மாறுகிறது என்பதே பழுதைக் காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த நிலையிலா சூடேறிய பிறகா, மேட்டில் ஏறும்போதா, ஆக்சிலரேட்டரை விடும்போதா என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

சத்தத்தின் வேகம்

நான்கு வீச்சு என்ஜினில் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். ஐடிலிங்கில் கிராங்க் நிமிடத்துக்கு 800 முறை சுழன்றால், ஒவ்வொரு வால்வும் 400 முறை மட்டுமே திறந்து மூடும். எனவே என்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் அடிக்கும் மெல்லிய ‘டிக் டிக்’ பெரும்பாலும் மேற்பகுதியான வால்வுத் தொகுதியிலிருந்து வருவது. கிராங்க்கின் வேகத்திலேயே அடிக்கும் கனத்த ‘டொக் டொக்’ கீழ்ப்பகுதியைச் சந்தேகிக்கச் சொல்கிறது.

முக்கிய வகைகள்

*டேப்பெட் சத்தம்:* வால்வு இடைவெளி கூடியதால் வருவது. ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள என்ஜினில் எண்ணெய் குறைந்தாலும் அழுக்கேறினாலும் இதே சத்தம் கேட்கும்.

*பிஸ்டன் தட்டல்:* தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் பக்கவாட்டில் மோதும் சத்தம். காலையில் பலமாகக் கேட்டு, என்ஜின் சூடேறியதும் பிஸ்டன் விரிவடைவதால் குறையும்.

*கனெக்டிங் ராட் தட்டல்:* பெரிய முனையின் பேரிங் ஷெல் தேய்ந்ததால் வருவது. சூடேறி எண்ணெய் இளகும்போது கூடும். ஆக்சிலரேட்டரைச் சட்டென விடும்போது தெளிவாகக் கேட்கும். இந்த நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் ராட் முறிந்து பிளாக்கையே உடைக்கக்கூடும்.

*டைமிங் செயின் சத்தம்:* ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் கடகடவென்று கேட்டு அடங்கினால், செயின் நீண்டிருக்கலாம் அல்லது டென்ஷனர் தளர்ந்திருக்கலாம்.

*மேனிபோல்டு கசிவு:* எக்ஸாஸ்ட் மேனிபோல்டு கேஸ்கட் போனால் டேப்பெட் போலவே ‘டிக் டிக்’ கேட்கும். உலோகம் சூடேறி விரிந்ததும் இந்தச் சத்தம் மறைவதுண்டு. கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும்.

*பெல்ட் கீச்சொலி:* ஓடும் பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் சிறிது நீர் தெளித்துப் பார்க்கலாம். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சற்று நேரம் அடங்கித் திரும்பவும் வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை.

நாக்கிங்

மேட்டில் ஏறும்போது கேட்கும் கணகணவென்ற ஒலிக்கு உதிரிபாகம் எதுவும் தளர்ந்திருக்க வேண்டியதில்லை. பிளக்கிலிருந்து பரவும் தீச்சுடர் வந்து சேருமுன், சிலிண்டரின் கடைசியில் மிஞ்சிய கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடிப்பதுதான் நாக்கிங். குறைந்த ஆக்டேன் பெட்ரோல், முந்திய தீப்பொறி டைமிங், கரிப்படிவு, அதிகச் சூடு ஆகியவை இதைத் தூண்டும். 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயம் நாக்கிங்கைத் தடுப்பதைக் கண்டறிந்தார். ஈயத்தின் நச்சுத்தன்மை காரணமாக இந்தியா 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. இன்றைய கார்களில் பிளாக்கில் பொருத்திய நாக் சென்சார் அதிர்வை உணர, கணினி டைமிங்கைப் பின்தள்ளுகிறது.

கண்டறியும் முறை

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பார்ப்பதே முதல் வேலை. அடுத்து, வெளிப்புற பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடிகள் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் நின்றால் பழுது ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர் பக்கம் இருக்கிறது. பெல்ட்டே கேம் தண்டைச் சுழற்றும் வண்டிகளில் அந்த டைமிங் பெல்ட்டைத் தொடக்கூடாது.

இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் பயன்படும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை பிளாக்கில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது பட்டறைகளின் பழைய வழக்கம். ரேடியேட்டர் ஃபேன் தானாகவே ஓடத் தொடங்கும் என்பதால் தளர்ந்த உடை, துப்பட்டா, நீண்ட முடி எதுவும் அருகில் போகக்கூடாது.

ஒவ்வொரு சிலிண்டராக வேலையை நிறுத்திப் பார்ப்பதும் உதவும். ஒன்றை நிறுத்தியதும் தட்டல் குறைந்தால் அதன் ராட் அல்லது பிஸ்டனில் பழுது இருக்கும். இதற்கு இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றுவதே நல்லது. தீப்பொறியை மட்டும் தடுத்தால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

உறுதி செய்ய, ஆயில் பிரஷரை கேஜ் வைத்து அளக்க வேண்டும். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ளிருக்கும் மடிப்புத்தாளை விரித்தால், தேய்மானம் இருந்தால் உலோகத் துகள்கள் மினுங்கும். காந்தத்தில் ஒட்டுபவை இரும்பு. ஒட்டாத செம்பு நிறத் துகள்கள் பேரிங் ஷெல் கரைவதைக் காட்டும்.

பழுது நீக்கம்

டேப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யலாம். பெல்ட், டென்ஷனர், மேனிபோல்டு கேஸ்கட் ஆகியவற்றை மாற்றுவது சிறிய செலவு. ராட் ஷெல் போயிருந்தால் என்ஜினை இறக்கி, கிராங்க்கை லேத் பட்டறையில் சாணை பிடித்து, அடுத்த அளவு ஷெல் போட வேண்டும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் போர் செய்து பெரிய பிஸ்டன் பொருத்துவார்கள். கெட்டியான எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அடக்குவது தற்காலிகம். தேய்ந்த பாகம் தேய்ந்தே இருக்கும்.

எண்ணெய் விளக்கு எரிந்து, கனத்த தட்டலும் கேட்டால் வண்டியை ஓரம் கட்டி உடனே அணைத்துவிட வேண்டும். பட்டறைவரை ஓட்டிப் போகாமல் கட்டி இழுத்துச் செல்வதே சரி.