திருவிடந்தையின் கல்யாண மாலை

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித் திருவிடந்தை நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மூலவர் ஆதிவராகர், அகிலவல்லித் தாயாரை இடப்பக்கம் ஏந்தி நிற்கிறார். காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராக மணந்து, கடைசி நாளில் எல்லோரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் வைத்துக்கொண்டார் என்பது தல புராணம். பெருமாளின் பெயரும், ஆண்டு முழுவதும் நடக்கும் கல்யாண உற்சவமும் இந்தக் கதையை ஒட்டியவை.

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இத்தலத்தைப் பாடிய பதிகத்தில் பேசுபவள் ஒரு தாய். பெருமாள்மேல் காதல்கொண்டு மெலியும் மகளின் நிலையைச் சொல்லி, இவளை என்ன செய்வதாக நினைத்திருக்கிறாய் என்று அவனிடமே கேட்கிறாள். பதிகம் பாடுவது பக்தி. இன்று இங்கே வருபவர்களின் வேண்டுதல் வரனுக்காக. ஆனாலும் பெண்ணைப் பெற்றவள் கவலையோடு வந்து நிற்கும் சன்னதி அதேதான்.

கோயிலின் வாழ்வு கடலோரத்து மக்களோடும் பிணைந்திருந்தது. 12 மீனவக் குடும்பங்கள் வழிவழியாக வராகதேவருக்கு உரியவையாக்கப்பட்டதையும், அவர்கள் நெசவிலும் மீன்பிடிப்பிலும் ஈட்டியதிலிருந்து கோயிலுக்குப் பொன் செலுத்த வேண்டியிருந்ததையும் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. நித்ய கல்யாணத்தின் மங்கலத்துக்கு இப்படியொரு மறுபக்கமும் உண்டு.

திருமணம் தள்ளிப்போகிறவர்கள் தேங்காய், பழம், வெற்றிலை, மாலையோடு வருகிறார்கள். அர்ச்சனைக்குப் பின் பட்டர் தரும் மாலையைக் கழுத்தில் அணிந்து ஒன்பது முறை வலம்வந்து, அதை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் தம்பதியாக வந்து அந்தப் பழைய மாலையைக் கோயிலில் சேர்த்துவிடுவது வழக்கம்.

இங்கே விலக வேண்டும் என்று கேட்கப்படுவன ராகு, கேது, சுக்கிர தோஷங்களும் கண் திருஷ்டியும்தான். உற்சவரின் கன்னத்திலேயே திருஷ்டிப் பொட்டு உண்டு. வேண்டாத உறவை அறுத்துத் தரும்படி கேட்பது இங்கே வழக்கமில்லை. ஆனால் ஜப்பானில் கியோட்டோ நகரத்து யாசுய் கொன்பிராகு ஷிண்டோ கோயிலில் உறவை அறுக்கவும் சேர்க்கவும் ஒரே கல்தான். நடுவில் துளையுள்ள அந்தப் பாறையில் முன்பக்கமிருந்து தவழ்ந்து போனால் தீய உறவு அறும். பின்பக்கமிருந்து திரும்பித் தவழ்ந்து வந்தால் நல்ல உறவு சேரும் என்பது நம்பிக்கை. வேண்டுதலை எழுதிய தாளைக் கல்லின்மேல் ஒட்டிவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் உறவை அறுக்கும் வேலை சன்னதியில் நடக்கவில்லை, சமூகத்தார் முன்னிலையில் நடந்தது. கள்ளர் சமூகத்தில் சாதியார் அறியத் துரும்பு கொடுப்பது மணமுறிவுக்கு அடையாளமாக இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தம் நூல்தொகுதியில் பதிவு செய்திருக்கிறார். மணவிலக்குக்கு வழக்கத்தில் இடமில்லாத சாதியினருக்குச் சென்னை மாகாணத்தில் 1949இல் வந்த சட்டம்தான் வழி திறந்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இந்துக்களுக்கு நீதிமன்ற மணவிலக்கைக் கொண்டுவந்தபோதும், வழக்கப்படி அறுத்துக்கொள்ளும் உரிமையை 29ஆம் பிரிவில் விட்டுவைத்தது.