ஆபராவும் உச்சரிப்பும்

1600-ல் ஜாகோபோ பேரியின் 'யூரிடிசே' ஃபிளாரன்ஸில் அரங்கேறியபோது, சங்கீதம் பேச்சைப் பின்தொடர வேண்டும் என்பதே கொள்கை. யாருடைய பேச்சு என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. ஃபிளாரன்ஸ் டஸ்கனியின் நகரம். இலக்கிய இத்தாலியும் டஸ்கனியினுடையது.

ஆபரா வேறு ஊர்களுக்குப் போனதும் கேள்வி வந்தது. வெனிஸிலும் நேபிள்ஸிலும் வீட்டில் பேசியது வேறு, மேடையில் பாடியது பெத்ரார்க்கின் வழிவந்த மொழி. அதில் அழுத்தம் பெறும் உயிர்கள் ஏழு. எழுத ஐந்தே எழுத்துகள். 'பெஸ்கா'வின் எகரத்தை வாய் திறந்து சொன்னால் பீச் பழம், குறுக்கிச் சொன்னால் மீன்பிடிப்பு. எழுத்து இதைக் காட்டாது. 1524-ல் திரிஸ்ஸினோ கிரேக்க எழுத்துகளைக் கடன்வாங்கச் சொன்னார்; எடுபடவில்லை. மோன்டெவர்டியின் 'ஒர்ஃபேயோ' 1607-ல் நடந்த மாந்துவாவுக்கு அருகே 1680-ல் பிறந்தவர் பெஸ்கி. தமிழில் எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் எழுத்தில் பிரித்துக் காட்டியவராகச் சொல்லப்படும் வீரமாமுனிவர் இவர்தான். அவருடைய தாய்மொழியில் எகரத்தின் சிக்கல் வேறு வகையானது. அது இன்றும் தீரவில்லை.

இன்றைய பாடகர்களின் பயிற்சியில் டஸ்கனி உச்சரிப்பே அளவுகோல். ஆனால் 1724-ல் லண்டனில், ஹாண்டெலின் 'ஜூலியோ சேஸரே' மேடையைப் பாருங்கள். ஸியெனாக்காரர் ஸெனெஸினோ, பார்மாவில் பிறந்த குத்ஸோனி, ஆங்கிலப் பாடகி அனஸ்டேஸியா ராபின்ஸன். இசையமைத்தவர் ஜெர்மனியில் பிறந்தவர். கேட்டவர்கள் கையில் இத்தாலியும் ஆங்கிலமும் அச்சிட்ட புத்தகம். இவர்களில் யாருடைய எகரம் சுத்தம்? டஸ்கனிக்காரரான ஸெனெஸினோவுடையது என்று இலக்கணம் சொல்லும். ஹாண்டெல் எழுதியதோ அத்தனை வாய்களுக்கும்.

இசைத்தாளே வற்புறுத்துவது வேறு விஷயங்களை. பேச்சுப்போல நடக்கும் ரெஸிடடிவில் வரிகள் ஏழும் பதினொன்றுமான அசைகள் கொண்டவை. ஒரு சொல்லின் கடைசி உயிரும் அடுத்ததன் முதல் உயிரும் ஒரே ஸ்வரத்தில் கலக்கும். பிரித்தால் நடை குலையும். இரட்டை மெய்யிலும் அப்படித்தான். 'காரோ' என்றால் அன்பே. ரகரத்தை இரட்டித்தால் வண்டி. காதலனை வண்டி என்று விளிக்கும் பாடகிக்கு எவ்வளவு குரல் இருந்து என்ன?

சொல் விளங்காத குரலுக்கும் ஓபோ வாத்தியத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை என்ற கருத்தை, தாமே பாடகரான டோஸி 1723-ல் தம் நூலில் சொல்லிவிட்டார். சொல் விளங்க வேண்டும். அதில் எனக்கும் சமரசமில்லை. அதற்கு ஓர் அளவுகோல் தேவை என்றால் டஸ்கனி இருக்கட்டும். அதையே பதினெட்டாம் நூற்றாண்டின் உண்மையான குரல் என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்த நூற்றாண்டின் மேடையில் பல ஊர் வாய்கள் பாடின.